‘14 ராத்திரி, விடிஞ்சா 15’: ஏஐ ஏஜென்ட்டுக்காக ஒரு விமானத் தேடல் கருவியை ஆவணப்படுத்திய அனுபவம்

“14-ந் தேதி ராத்திரி திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகணும். ரெண்டு பேர், ஒரு கைக்குழந்தை.”

சோதனைக்காக நாங்கள் தட்டச்சு செய்த கேள்வி இது. ஏஐ ஏஜென்ட் (நாம் கேட்டதைப் புரிந்துகொண்டு, கருவிகளைத் தானே இயக்கி வேலையை முடிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்) உடனே தேடல் கருவியைக் கூப்பிட்டது, தேதியை 14 என்று கொடுத்தது, வந்த பட்டியலில் ‘ராத்திரி’க்குப் பொருந்துவதாக ஒன்றைப் பொறுக்கியெடுத்தது. 14-ஆம் தேதி 00:35 மணிக்குக் கிளம்பும் விமானம். விலையும் குறைவு. “உங்களுக்கு ஏற்ற விமானம் இதுதான்” என்று அழகான தமிழில் பதிலும் சொன்னது.

அந்த டிக்கெட்டை யாராவது எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 14-ஆம் தேதி ராத்திரி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்து நின்றிருப்பார்கள். விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும்.

கருவியில் பிழை இல்லை. 14-ஆம் தேதி விமானங்களைக் கேட்டார்கள், 14-ஆம் தேதி விமானங்களைக் கொடுத்தது. ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாடலும் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது. தப்பு எங்கே என்று பின்னால் நடந்துபோனால், நான் எழுதிய ஆவணத்தில் போய் முடிந்தது. தேதி என்ற உள்ளீட்டுக்கு நேரே அதில் இருந்தவை இரண்டே சொற்கள்: ‘புறப்படும் தேதி’.

நான் மென்பொருள் ஆவணங்கள் எழுதுகிறவன். ஒரு சிறிய குழுவோடு சேர்ந்து விமானத் தேடல் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தகவல் கேட்டு வாங்கும் வழி) ஒன்றை ஏஐ ஏஜென்ட்டுகள் பயன்படுத்தும் கருவியாக மாற்றிய வேலையில், ஆவணம் என் பொறுப்பு. அந்த இரண்டு சொற்களை நீட்டி எழுதப் போய் நாங்கள் கற்றுக்கொண்டதுதான் இந்த ஆய்வு.

கேள்வி கேட்காத வாசகர்

தொழில்நுட்பப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொழி மாடல்கள் வெளியே உள்ள நிரல்களைக் கூப்பிட வசதியாக, 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ ‘ஃபங்ஷன் காலிங்’ கொண்டுவந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், மாடல்களைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. எதை எடுத்தாலும் மாடலின் கண்ணுக்குப் படுவது மூன்றுதான்: கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், என்னென்ன உள்ளீடு எந்த வடிவில் வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா. உள்ளே ஓடும் நிரலை அது பார்ப்பதில்லை. அதாவது ஆவணம்தான் அதற்குக் கருவி.

இதே ஏபிஐக்கு மனித நிரலாளர்களுக்கான ஆவணம் ஏற்கெனவே இருந்தது, நன்றாகவும் இருந்தது. அதைச் சுருக்கி விளக்கமாக ஒட்டிவிட்டால் போதும் என்றுதான் தொடங்கினோம். முதல் விளக்கம் இப்படி: “விமானங்களைத் தேடும். புறப்படும் இடம், சேரும் இடம், தேதி, பயணிகளின் எண்ணிக்கை கொடுக்கவும்.” இதைப் படிக்கும் நிரலாளர் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். வந்த விடையில் ஏதோ இடித்தால் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்பார். மறுநாள் அது அவர் நினைவில் இருக்கும். ஆறு மாதத்தில் ஆவணத்தில் இல்லாததெல்லாம் அவர் தலையில் இருக்கும்.

மாடலுக்கு அந்த ஆறு மாதம் கிடையாது. ஒவ்வொரு உரையாடலிலும் ஆவணத்தை முதல்முறையாகப் படிக்கிறது. விட்டுப்போன இடத்தில் நின்று “இது என்ன?” என்று எழுதியவரைக் கேட்க அதற்கு வழி இல்லை, ஊகத்தால் நிரப்பிக்கொண்டு போகும். அந்த ஊகம் பெரும்பாலும் சரியாக இருந்துவிடுவதால் தவறானது கண்ணில் படாமலே கடந்துவிடுகிறது. எங்கள் முதல் வாரச் சோதனைகளில் எதுவும் இடிக்கவில்லை. காரணம், எல்லாக் கேள்விகளையும் நிரலாளர்களே எழுதியிருந்தார்கள். ‘சென்னை முதல் டெல்லி, 20-ஆம் தேதி, ஒருவர்’ என்பது போன்ற கேள்விகள். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

திருச்சியில் ஒரு கவுண்டர்

அதனால்தான் திருச்சிக்குப் போனோம். கன்டோன்மென்ட் பகுதியில் ஒரு டிராவல்ஸ் கடை. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று நாள் முழுக்கப் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அங்கே 20 வருடமாக டிக்கெட் போடும் அக்கா ஒருவர், இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதித்தார்.

முதல் நாள் காலையிலேயே எங்கள் கேள்வி அப்படியே வந்தது. போனில் ஒரு பெரியவர், மகளைப் பார்க்க சிங்கப்பூர் போகிறார், 14 ராத்திரி டிக்கெட் வேண்டும். அக்கா திரையைப் பார்க்காமலே சொன்னார்: “ஐயா, 14 ராத்திரி நீங்க ஏர்போர்ட்டுக்கு வரணும். விடிஞ்சா 15. டிக்கெட்ல 15-னுதான் போட்டிருக்கும். பார்த்துட்டு 15 ராத்திரி வந்துடாதீங்க.” டிக்கெட்டை அச்செடுத்த பிறகு சிவப்புப் பேனாவால் மேலே பெரிதாக எழுதினார்: ‘14 இரவு 9 மணிக்கு ஏர்போர்ட்.’

“இது எல்லாருக்கும் எழுதுவீங்களாக்கா?” என்றேன்.

“பன்னிரண்டுக்கு மேல கிளம்புற எல்லாத்துக்கும் எழுதுவேன் தம்பி. ஒரு தடவை எழுதாம விட்டேன். அந்தக் குடும்பம் மறுநாள் வந்து நின்னாங்க. லக்கேஜ் கட்டி, ஊரே வந்து வழியனுப்பி…” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வெளிநாடு போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் கிளம்புகின்றன. நம் பேச்சில் ராத்திரி என்பது விடியும்வரை நீளும். பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். டிக்கெட்டின் நாளோ 00:00 மணிக்கு மாறுகிறது. இந்த இரண்டு நாட்காட்டிகளுக்கும் நடுவே உட்கார்ந்து 20 வருடமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் அக்கா. அவர் இடத்தில் ஏஜென்ட்டை உட்கார வைக்கப் போகிறோம் என்றால், அந்தச் சிவப்புப் பேனாவையும் கொடுத்தாக வேண்டும்.

திரும்பி வந்து எழுதிய தேதி விளக்கம் இது. இறுதி வடிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பொருளைத் தமிழில் தருகிறேன்.

“புறப்படும் ஊரின் உள்ளூர் நாட்காட்டித் தேதி, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். 00:00 முதல் 04:59 வரை கிளம்பும் விமானங்களைப் பயணிகள் முந்தின நாளின் இரவாகவே நினைக்கிறார்கள். ‘14 இரவு’ என்று கேட்டால் 14, 15 ஆகிய இரண்டு தேதிகளையும் தேடு. 14-இல் மாலை 6 மணிக்குப் பிறகும், 15-இல் காலை 5 மணிக்கு முன்பும் கிளம்புவதை மட்டும் காட்டு. நள்ளிரவுக்குப் பிந்தைய விமானத்தைச் சொல்லும்போது, விமான நிலையத்துக்கு வரவேண்டிய இரவு, டிக்கெட்டில் இருக்கும் தேதி இரண்டையும் சொல்.”

இரண்டு சொற்கள் ஐந்து வாக்கியங்களாகின. அதே கேள்வியை மறுபடி கேட்டபோது ஏஜென்ட் 15-ஆம் தேதி விமானத்தை எடுத்து, “14 இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும், டிக்கெட்டில் 15 என்றிருக்கும்” என்றது. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை.

தேதியில் இன்னும் சில கண்ணிகள் இருந்தன. இன்றைய தேதி மாடலுக்குத் தானாகத் தெரியாது. ‘மார்ச் 3’ என்றால் அது பயிற்சி பெற்ற காலத்து ஆண்டைப் போட்டுவிடும், கடந்துபோன தேதிக்கு விமானம் இல்லை என்று விடை வரும், ‘விமானம் இல்லை’ என்று பயணியிடம் சொல்லிவிடும். எல்லோருக்கும் வரும் தொல்லைதான் இது. ஆந்த்ரோபிக் 2025 செப்டம்பரில் வெளியிட்ட பொறியியல் கட்டுரையில், தங்கள் மாடல் வலைத்தேடலில் தேவையில்லாமல் 2025 என்று சேர்த்துக்கொண்டே இருந்ததையும், கருவியின் விளக்கத்தை மாற்றியே அதைச் சரிசெய்ததையும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் கருவியின் ஒவ்வொரு விடையிலும் இன்றைய தேதியைச் சேர்த்தோம். கடந்த தேதி வந்தால் கருவியே மறுத்துவிடும்.

‘வர்ற வெள்ளி’ வேறு, ‘அடுத்த வெள்ளி’ வேறு. எது எது என்று ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இதற்கு விதி எழுதப் பார்த்துக் கைவிட்டோம். பதிலாக, விடையில் தேதியோடு கிழமையையும் கருவியே கொடுக்கும்படி செய்தோம். கிழமையைக் கணக்கிடும் வேலையை மாடலிடம் விடவில்லை. ‘வெள்ளி, 15’ என்று திரையில் பார்த்தால் பயணியே திருத்திக்கொள்கிறார்.

நேரத்தின் கதை வேறு. எங்களுக்கு விமானத் தகவல் தரும் பெரும்பாலான சப்ளையர்கள், கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அந்தந்த ஊர் நேரத்தில், நேர மண்டலக் குறிப்பு இல்லாமல் அனுப்புகிறார்கள். திருச்சியில் 00:35-க்குக் கிளம்பி சிங்கப்பூரில் 07:20-க்கு இறங்கினால் மாடல் கழித்துப் பார்த்து 6 மணி 45 நிமிடம் என்று சொல்லும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். உண்மைப் பயணம் 4 மணி 15 நிமிடம். திரும்பி வரும்போது அதே கணக்கில் 1 மணி 45 நிமிடத்தில் வந்துவிடலாம்! பயண நேரம் தனிப் புலத்தில் (விடையில் ஒரு தகவலுக்கென்று ஒதுக்கிய இடத்தில்) ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தது. ‘கழிக்காதே, அந்தப் புலத்தை எடு’ என்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது.

எந்தச் சேலம்?

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா விமான நிலையங்களுக்குத் தரும் மூன்றெழுத்துக் குறியீடுகளை மாடல்கள் மனப்பாடமாகவே வைத்திருக்கின்றன. சென்னை எம்ஏஏ, கோவை சிஜேபி, கொழும்பு சிஎம்பி எல்லாம் தவறாமல் வரும். அந்த நம்பிக்கையில்தான் குறியீட்டை மாடலே போடட்டும் என்று விட்டிருந்தோம்.

சிறிய ஊர்களில் சறுக்கியது. திருச்சி டிஆர்இசட், திருவனந்தபுரம் டிஆர்வி. ஒரு சோதனையில் திருச்சிக்காரரைத் திருவனந்தபுரத்திலிருந்து அனுப்பப் பார்த்தது. மதுரை ஐஎக்ஸ்எம். ஐஎக்ஸ் என்று தொடங்கும் குறியீடுகள் இந்தியாவில் நிறைய: மங்களூரு ஐஎக்ஸ்இ, ராஞ்சி ஐஎக்ஸ்ஆர், போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஐஎக்ஸ்இசட். கடைசி எழுத்து மாறினால் அந்தமானில் இறங்க வேண்டும். சேலம் எஸ்எக்ஸ்வி, நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2023 அக்டோபரில்தான் அங்கே விமானச் சேவை மறுபடி தொடங்கியது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத் தலைநகரின் பெயரும் சேலம்தான், அதன் குறியீடு எஸ்எல்இ. இந்தியப் பயணியின் கேள்வியில் எது சரி என்று கவுண்டரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதிதாக வந்தவற்றில் இன்னொரு வகைச் சிக்கல். கோவாவுக்கு நீண்ட காலம் டபோலிம் ஒன்றுதான், குறியீடு ஜிஓஐ. 2023 ஜனவரியில் மோப்பாவில் இரண்டாவது விமான நிலையம் இயங்கத் தொடங்கியது, குறியீடு ஜிஓஎக்ஸ். மாடல் பழக்கத்தில் ஜிஓஐ மட்டும் கொடுத்தால் மோப்பாவுக்குப் போகும் விமானம் ஒன்றுகூடப் பட்டியலில் வராது. அப்படி விடுபட்டதைப் பயணி அறிய வழியே இல்லை. இந்த வகைத் தவறுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. தவறான விடையை யாராவது பிடித்துவிடலாம்; வராத விடையை யார் பிடிப்பது?

இங்கே ஆவணத்தால் மட்டும் தீரவில்லை, கருவியே மாற வேண்டியிருந்தது. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் பொருந்தும் விமான நிலையங்களை நாடு, மாநிலத்தோடு பட்டியலிடும் இரண்டாவது கருவி ஒன்றைச் சேர்த்தோம். தேடல் கருவியின் விளக்கத்தில் எழுதியது: “குறியீட்டை நினைவிலிருந்து எழுதாதே. முதலில் இடத்தேடல் கருவியைக் கூப்பிடு. ஓர் ஊருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிலையம் இருந்தால் எல்லாவற்றையும் தேடு.” லண்டனுக்கு எல்ஓஎன், டோக்கியோவுக்கு டிஒய்ஓ என்று நகரக் குறியீடுகள் தனியாக உண்டு. அவற்றைக் கொடுத்துத் தேடும்போது டோக்கியோவில் ஒரு விமானம் நரிட்டா நிலையத்தில் இறங்கி அடுத்தது ஹனேடா நிலையத்திலிருந்து கிளம்பலாம். நடுவே நகரத்தைக் குறுக்காகக் கடக்க வேண்டும். இணைப்பில் விமான நிலையம் மாறினால் எச்சரிக்கும் புலம் ஒன்றையும் விடையில் சேர்த்தோம்.

நாலு பேருக்குத் தேடினால் ஏன் விலை ஏறுகிறது

கவுண்டரில் இரண்டாம் நாள். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு அக்கா விலை பார்த்தார், முகத்தைச் சுளித்தார், மறுபடி மூன்று பேருக்குப் பார்த்தார், பிறகு ஒருவருக்குப் பார்த்தார். கூட்டினால் முதல் விலையைவிடக் குறைவு.

ஒரே எகானமி இருக்கைக்குள்ளேயே விலைப் படிகள் பல உண்டு. ஒவ்வொரு படிக்கும் இத்தனை இருக்கை என்று கணக்கு. கீழ்ப்படியில் மூன்று இருக்கை மட்டும் மிச்சமிருக்க நாலு பேருக்குக் கேட்டால், பல நேரங்களில் நாலு பேருக்குமே அடுத்த படியின் விலைதான் வரும். மூன்றும் ஒன்றுமாகப் பிரித்தால் மூன்று பேருக்குக் குறைந்த விலை கிடைக்கும். இதில் ஒரு பாதகமும் உண்டு: இரண்டு தனித்தனி முன்பதிவு. விமானம் ரத்தானால் குடும்பம் பிரிந்துபோகலாம். அக்கா அதையும் சொல்லித்தான் கேட்டார்: “பிரிச்சுப் போடவா, சேர்த்தே போடவா?” எங்கள் ஆவணத்தில் இப்போது அந்தக் கேள்வி, இரு பக்கமும் சேர்ந்து, இருக்கிறது. எந்த ஏபிஐ ஆவணத்திலும் இதை நான் படித்ததில்லை.

எங்கள் சொந்தத் தவறு இதைவிட எளிமையானது. விடையில் ‘விலை’ என்று ஒரு புலம். அது எல்லாப் பயணிகளுக்கும் சேர்த்த மொத்தம். மாடல் சில நேரம் அதை ஒருவருக்கான விலையென்று எடுத்துக்கொண்டு பயணிகளின் எண்ணிக்கையால் பெருக்கியது, சில நேரம் பெருக்கவில்லை. விளக்கத்தில் எழுதிப் பார்த்தோம், முழுதாகத் திருந்தவில்லை. கடைசியில் புலத்தின் பெயரையே ‘அனைவருக்கும் மொத்தம்’, ‘ஒரு பெரியவருக்கு’ என்று இரண்டாகப் பிரித்தோம். அன்றோடு தீர்ந்தது. பெயரிலேயே சொல்லக்கூடியதை விளக்கத்தில் சொல்லக்கூடாது என்பதை அதன்பின் குழுவின் விதியாகவே வைத்துக்கொண்டோம்.

கைக்குழந்தை விதிகளை எழுதும்போது எளிதாக முடியும் என்று நினைத்தேன். 2 வயதுக்குக் கீழே மடியில், ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை. 2 முதல் 12-க்குள் என்றால் சிறுவர் கட்டணம், தனி இருக்கை. அக்கா அதைப் படித்துவிட்டு, “திரும்பி வர்றப்போ?” என்று கேட்டார். வயதைப் பயண நாளில் பார்க்க வேண்டும். போகும்போது ஒன்றே முக்கால் வயது, தாத்தா வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும்போது 2 வயது தாண்டியிருந்தால் அந்தப் பயணத்துக்கு இருக்கை வாங்கியாக வேண்டும். கருவிக்கு எண்ணிக்கை மட்டுமே போய்க்கொண்டிருந்தது, பிறந்த தேதி போகவில்லை. ஆகவே விளக்கத்தில் ஒரு வரி: “இருவழிப் பயணத்தில் கைக்குழந்தை இருந்தால், திரும்பும் நாளில் 2 வயது நிறைந்திருக்குமா என்று தேடும் முன் கேள்.” முதலில் சொன்ன சிங்கப்பூர்க் கேள்வியிலேயே இந்தப் பொறி ஒளிந்திருந்தது. நள்ளிரவைப் பிடித்த நாங்கள் இதைப் பார்க்கவில்லை.

அதிகம் எழுதியதன் விளைவு

கவுண்டரில் கற்றதையெல்லாம் கொட்டி எழுதினேன். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு பத்தியிலும் ‘கேள்’, ‘உறுதிசெய்’. அந்த வடிவத்தை ஓட்டியபோது ஏஜென்ட் தேடவே இல்லை. ‘நாளைக்குச் சென்னையிலிருந்து மதுரை’ என்று கேட்டவரிடம் காலையா மாலையா, எத்தனை பேர், குழந்தை உண்டா, எந்த வகுப்பு, நேரடியா, எந்த நாணயம் என்று வரிசையாகக் கேட்டது. அவசரத்தில் இருப்பவர் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார். போதாததற்கு, விளக்கம் முழுவதும் ஒவ்வொரு உரையாடலிலும் டோக்கனாக (மாடல் படிக்கும் உரையை அளக்கும் அலகு) செலவாகிறது, மாடலின் கவனத்தையும் தின்கிறது.

அக்கா இத்தனை கேள்வி கேட்பதில்லை. முதலில் விலையைச் சொல்வார்: “ஒருத்தருக்கு, நேரா போறது, இவ்வளவு.” எந்த அனுமானத்தில் பார்த்தாரோ அது அந்த வாக்கியத்திலேயே இருக்கும். தப்பென்றால் எதிரில் இருப்பவர் திருத்துவார். ஆவணத்தை அப்படியே திருப்பி எழுதினேன். சொல்லாவிட்டால் ஒரு பெரியவர், எகானமி, இந்திய ரூபாய் என்று எடுத்துக்கொண்டு தேடு. எடுத்துக்கொண்டதைப் பதிலின் முதல் வரியில் சொல். நிறுத்திக் கேட்க வேண்டிய இடங்கள் மூன்று மட்டும்: தேதியே சொல்லப்படவில்லை, ஒரே பெயரில் இரண்டு ஊர், கைக்குழந்தையோடு இருவழி. மற்றதெல்லாம் தேடிக் காட்டிவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். பாதிக்கும் மேல் வெட்டியது மனதுக்கு வலித்தது, ஆனால் வெட்டிய பிறகுதான் மிஞ்சிய வரிகளுக்கு மாடல் கட்டுப்பட்டது.

பிழைச்செய்தியும் ஆவணம்தான்

பழைய ஏபிஐ எது நடந்தாலும் ‘தவறான கோரிக்கை’ என்ற ஒரே வாசகத்தைத் திருப்பியது. மாடல் அதே கோரிக்கையை அப்படியே மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டு, “அன்றைக்கு விமானம் எதுவும் இல்லை” என்று பயணியிடம் சொல்லிவிட்டது. விமானம் இருந்தது, தேதியின் வடிவம்தான் தவறு.

எம்சிபியில் கருவியின் பிழையை விடைக்குள்ளேயே ஓர் அடையாளத்தோடு அனுப்ப முடியும். மாடல் அதைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆக, பிழைச்செய்தி என்பது சரியான தருணத்தில் கையில் கிடைக்கும் ஆவணம். மூன்றாகப் பிரித்து எழுதினோம். உள்ளீடு தவறு என்றால் எது தவறு, சரியான வடிவம் எது என்று ஓர் எடுத்துக்காட்டோடு. சப்ளையர் பதில் தரவில்லை என்றால், “இது விமானம் இல்லை என்று பொருளல்ல, ஒருமுறை மட்டும் மீண்டும் முயற்சி செய், பயணியிடம் ‘இப்போது பார்க்க முடியவில்லை’ என்று சொல்.” உண்மையிலேயே விமானம் இல்லையென்றால் அதைத் தெளிவாக, பக்கத்து விமான நிலையங்களின் பெயரோடு.

‘இல்லை’ என்பதற்கும் ‘பார்க்க முடியவில்லை’ என்பதற்கும் உள்ள இடைவெளியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஒரு வழக்கை முடித்தது. குடும்பத்தில் மரணம் நேர்ந்ததால் பயணம் செய்தவருக்கு, அதற்கான சலுகையைப் பிறகு விண்ணப்பித்துப் பெறலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் சொல்லியிருந்தது. நிறுவனத்தின் விதி அப்படியல்ல. அதே தளத்தின் வேறொரு பக்கத்தில் சரியான விதி இருந்தது. சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதிட்டதைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. வட்டி, கட்டணம் சேர்த்து சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சிறியது. ஆனால் துக்கத்தில் இருந்த ஒருவர் திரையில் படித்ததை நம்பிப் பணம் கட்டியிருக்கிறார். அந்த நம்பிக்கைக்கு எங்கள் கருவியும் ஒருநாள் ஆளாகும்.

அதனால் விளக்கத்தின் கடைசிப் பத்தி, இந்தக் கருவிக்கு எது தெரியாது என்பதற்காகவே ஒதுக்கப்பட்டது. விசா விதி தெரியாது. ரத்துக் கட்டணம் தெரியாது. காட்டும் விலை தேடிய நேரத்து விலை. டிக்கெட் எடுக்கும் முன் விலையுறுதிக் கருவியைக் கூப்பிட்டாக வேண்டும். இவற்றைப் பற்றிக் கேட்டால் பொது அறிவிலிருந்து பதில் சொல்லாமல் விமான நிறுவனத்திடம் அனுப்பு.

இன்னும் முடியாதது

பேக்கேஜ். சில சப்ளையர்கள் ‘30 கிலோ’ என்று அனுப்புகிறார்கள், சிலர் ‘1 பெட்டி’ என்கிறார்கள், சிலர் அந்தப் புலத்தையே அனுப்புவதில்லை. வெற்றுப் புலத்தைப் பார்த்த மாடல் ஒருமுறை “பேக்கேஜ் அனுமதி இல்லை” என்றது, இன்னொருமுறை “வழக்கமான அனுமதி உண்டு” என்றது. இரண்டும் ஊகம். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வருகிறவருக்கு விமான டிக்கெட்டில் முதல் கேள்வியே எத்தனை கிலோ என்பதுதான். விலைகூட அதற்கு அடுத்துத்தான்.

இப்போதைக்கு வெற்றாக விடுவதை நிறுத்தி, ‘சப்ளையர் தெரிவிக்கவில்லை’ என்ற மதிப்பையே கருவி அனுப்புகிறது. மாடலும் அதை அப்படியே பயணியிடம் சொல்கிறது. பொய் நின்றது, விடை கிடைக்கவில்லை. கிலோ தெரியாத விமானங்களைப் பட்டியலில் கீழே தள்ளலாமா என்று குழுவில் பேச்சு நடக்கிறது. நான் அக்காவிடம் போனில் கேட்டேன். கிலோ தெரியாத டிக்கெட்டை அவர் எப்படி விற்கிறார்?

“விக்க மாட்டேன் தம்பி,” என்றார். “ஏர்லைன்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் விப்பேன்.”